பதினொன்றாம் நம்பருக்கு வந்த ரசிகர் கடிதங்கள்

பெரம்பலூர்,
17.1.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி செல்லமுத்து எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், ஆடு சுமார். அங்கே நீயும் உன் முழங்காலும் நலமா என்று மூவரும் கேட்கிறோம்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று உங்கள் டீமில் ஆடும் லத்தீப் அண்ணன் சொன்னார். அவர் லெப்பைக்குடிகாட்டுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். உன் பங்குப் பொங்கலை உன் சார்பில் நானே தின்றேன். நன்றி சொல்ல வேண்டாம்.

உங்கள் ஆலை டீம் ஜெயித்த செய்தி பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. சலூனில் கேட்டுக் கிழித்து வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். லத்தீப் அண்ணன் இருபத்தாறு புள்ளி, இன்னொருவர் பதினெட்டு, இன்னொருவர் பத்து.

"அரியமுத்து எங்கடா?"

"இதுல இல்லம்மா."

"ஆடுனான்ல?"

"ஆடுனான். கூடையில போட்டவங்க பேரத்தான் பேப்பர்ல போடுவாங்க."

"அடியில்லாத கூடையில போட்டா கீழதான விழும். அதுக்கு ஒரு பேரா. அப்ப இவன் அங்க என்னதான் பண்ணுறான்?"

பெற்றவர்கள் உனக்கு அரியமுத்து என்று பேர் வைத்தார்கள். பேப்பர்காரன் அறியாமுத்து ஆக்கிவிட்டான். நீ அங்கே என்ன பண்ணுகிறாய் என்று எழுது, அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

என் செய்தி: பிளஸ் ஒன்னில் நான் மைனஸ். போன வாரம் ஹெட்மாஸ்டர் கையெழுத்தில் அரைநாள் லீவு என்று ஒரு சுற்றறிக்கை எழுதி வகுப்புகளுக்கு அனுப்பினேன். மூன்று வகுப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிடித்தார்கள். இன்னொரு தடவை யார் பேரிலாவது எதையாவது எழுதினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவாராம். கையெழுத்து நன்றாக இருந்தது என்பதை மட்டும் அவரும் மறுக்கவில்லை.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் யாரும் சத்தமாக அழுவதும் இல்லை, சிரிப்பதும் இல்லை. நான்தான் அப்போதப்போது ஏதாவது செய்து பார்க்கிறேன்.

உன் தம்பி,
செல்லமுத்து


அரியலூர்,
29.1.1986

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். முழங்காலும் சுகம். அம்மா கடலை உடைக்கப் போகும்போது இருமல் வருகிறதா என்று எழுது.

லீவு சுற்றறிக்கை விளையாட்டு இனி வேண்டாம். நம் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நீ ஒருவன்தான்.

நான் என்ன பண்ணுகிறேன் என்று அம்மா கேட்டது சரியான கேள்வி. ஒரு சங்கதி சொல்கிறேன். ஆபீசர் கிளப்பில் போன சனிக்கிழமை வீடியோ போட்டார்கள். ஒரு இன்ஜினியரின் மச்சான் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கேசட். அங்கே இந்த ஆட்டத்தையே தொழிலாக வைத்துச் சம்பளம் வாங்கி ஆடுகிறார்கள். அவர்களுடைய கடைசிச் சுற்று. டீம் பசங்களும் பார்க்கட்டும் என்று எங்களைத் தரையில் உட்கார விட்டார்கள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. நம் ஊரில் ஒரு தடவை தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அதே இரண்டு டீமும் திரும்பத் திரும்ப மோதுகிறார்கள், யாராவது நாலு ஆட்டம் ஜெயிக்கிற வரைக்கும். இன்று அடித்தவனை நாளை மறுபடி பார்த்தாக வேண்டும். மரத் தரை, கண்ணாடி மாதிரி. விழுந்தால் தோல் உரியாது.

எல்லாரும் மஞ்சள் பனியன் போட்ட ஒருவனையே பார்த்தார்கள். நான் பச்சை பனியனில் ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காமிரா பந்து பின்னாலேயே போகிறது, அதனால் அவன் முழுசாகத் தெரிவதே இல்லை. ஒரு தோள் தெரியும். ஒரு முழங்கை தெரியும். ஆனால் அந்தத் தோள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வழி திறக்கிறது. எதிராளி ஓடி வருகிற பாதையில் போய் அசையாமல் நிற்கிறான். இடியை வாங்கிக்கொள்கிறான். பின்னால் வருகிறவன் சும்மா போய்ப் போட்டுவிட்டு வருகிறான். கூட்டம் எழுந்து நிற்கிறது, போட்டவனுக்காக.

"சார், கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க, அந்தாளு எங்க நின்னாருன்னு பாக்கணும்" என்றேன். "எந்தாளு?" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபீசர். காட்டுவதற்குள் போய்விட்டான்.

நான் பண்ணுவதும் அதுதான். லத்தீப் போடுவதற்கு வழி செய்வது, ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை எடுத்துக் கொடுப்பது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வாயோ சொல்.

டீமில் எட்டுப் பேர் கேசுவல். மே மாதம் போட்டி முடிந்ததும் நாலு பேரை நிரந்தரம் ஆக்குவார்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற விளையாட்டுச் செயலாளர் ஹபிபுல்லா சார் பேர் எழுதி மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். மற்ற நாலு பேர் பேக்கிங்கில் மூட்டை ஏற்றப் போக வேண்டியதுதான். போட்டவர்களைத்தான் எடுப்பார்கள் என்று பசங்கள் பேசிக்கொள்கிறார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

அண்ணன்,
அரியமுத்து


பெரம்பலூர்,
5.2.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் இருமல் அம்மாவைவிட நலம்.

உன் கடிதத்தை வாசித்தேன். நிரந்தர வரியை விட்டுவிட்டு வாசித்தேன். "இடிய வாங்கிக்கிறதுக்கா ஆலையில சேத்தாங்க?" என்று கேட்டது அம்மா. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சிமெண்ட் ஆலையில் தொட்டதெல்லாம் ஒரே நாளில் இறுகிவிடும் என்கிறார்கள். மூன்று வருஷமாக உன் வேலை மட்டும் இளகியே கிடக்கிறதே, தண்ணீர் அதிகமா?

அந்தப் பச்சை பனியன்காரன் என் மண்டையிலேயே நிற்கிறான். அசையாமல்தான் நிற்கிறான். அவன் ஊரிலிருந்து யாராவது ஒருத்தர், "அய்யா, அந்தத் தோள் யாருடையது?" என்று ஒரு கார்டு போட்டிருந்தால் காமிரா கொஞ்சம் திரும்பியிருக்கும். நான் சும்மா சொல்கிறேன்.

இனிமேல் ஒவ்வொரு ஆட்டத்திலும் நீ என்ன செய்தாய், எங்கே நின்றாய், யார் இடித்தார்கள் என்று விவரமாக எழுது. உன் பனியன் நம்பர் என்ன? ஹபிபுல்லா சாருடைய முழு விலாசம் என்ன? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

செல்லமுத்து


அரியலூர்,
16.2.1986

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் பொது அறிவு வளரட்டும்.

என் நம்பர் 11. சாருக்கு எழுத, நலப்பிரிவு, ஆலை அலுவலகம், அரியலூர் என்று போட்டால் போதும். எதற்கு என்று தெரியவில்லை.

ஜனவரி ஆட்டத்தில் ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்து பதினாலு எடுத்தேன். ஒன்பதாம் தேதி ஞாயிறு எங்களுக்குள் ஐந்து ஐந்தாகப் பிரிந்து ஒரு ஆட்டம் வைத்தார் சார். ஆலைக்கு உள்ளே, கேட்டைப் பூட்டிவிட்டு. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைக்கூட விடவில்லை. நாங்கள் பத்துப் பேர், சார், அவ்வளவுதான். லத்தீப் இறங்கி ஓடினான், நான் குறுக்கே நின்றேன், வந்தவன் முழங்கை தாடையில் பட்டது. இரண்டு தையல். வலி இல்லை. மரத்துப்போன மாதிரி இருக்கிறது, சோறு மெல்லும்போது யாருடைய தாடையோ மெல்கிற மாதிரி. உட்காரச் சொன்னார் சார். உட்காரவில்லை, மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றேன்.

தையல் விஷயம் அம்மாவுக்கு வேண்டாம்.

அரியமுத்து


சிறுவாச்சூர்,
24.2.1986

மேன்மைக்குரிய விளையாட்டுச் செயலாளர் அய்யா அவர்களுக்கு,

சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் கருப்பண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் குடும்பமும் ஆலையும் புகைபோக்கியும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

திங்கள், வெள்ளி கோயில் திறக்கிற நாளில் எனக்குக் கை ஓயாது. மற்ற நாளில் கூடைப்பந்து பார்ப்பேன். ஜனவரியில் நடந்த ஆட்டத்துக்கு அரியலூர் வந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் லத்தீப், லத்தீப் என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. டீ போடுகிறவன் கண் வேறு. கிளாசில் பால் தெரியும், டிக்காஷன் தெரியும். சர்க்கரை தெரியாது. ஒருநாள் போடாமல் கொடுத்தால் தெரியும். தங்கள் டீமில் பதினொன்றாம் நம்பர் பையன்தான் சர்க்கரை. அவன் பதினாலு பந்து எடுத்தான், எண்ணினேன்.

அந்தப் பையன் பேர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை. அவனை ஆலையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு டீக்கடைக்காரன் சொல்வது தப்பென்றால் மன்னிக்கவும்.

இவண்,
கருப்பண்ணன்


குரும்பலூர்,
4.3.1986

பெருமதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் சுந்தராம்பாள் எழுதும் மடல். நலம் பெருகுக.

ஒரு பெண்பிள்ளைக்குக் கூடைப்பந்தில் என்ன வேலை என்று தாங்கள் நினைக்கலாம். நாற்பது வருடம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தாளம் எங்கே தட்டினாலும் காதில் விழும். கச்சேரியில் பாடுகிறவருக்குப் பொன்னாடை. பின்னால் தம்புரா மீட்டுகிறவளுக்கு ஒரு வெற்றிலை கூடக் கிடையாது. ஆனால் அவள் விரலை எடுத்துவிட்டால் பாடுகிறவர் பாடு பெரும்பாடு.

தங்கள் அணியில் பதினொன்றாம் எண் வீரர் தம்புரா. குறிப்பாக, பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிறு நடந்த பயிற்சி ஆட்டத்தை முன்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். தாடையில் முழங்கை இடி வாங்கி, இரண்டு தையல் போடும் அளவு ரத்தம் கண்டும், தாங்கள் உட்காரச் சொல்லியும் உட்காராமல் அதே இடத்தில் போய் நின்றார். என் கண்கள் பனித்தன.

இப்படிப்பட்டவருக்கு நிரந்தரப் பணி தருவது நிர்வாகத்துக்குத்தான் பெருமை. ஒரு கிழவியின் ஆசை என்று கொள்க.

தங்கள் உண்மையுள்ள,
சுந்தராம்பாள்


பெரம்பலூர்,
12.3.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமா? தாடை உன்னுடையதாகத் திரும்பி வந்துவிட்டதா?

இரண்டு வாரமாக எனக்கு வெளியூர் வேலை. ஒருநாள் சிறுவாச்சூர், ஒருநாள் குரும்பலூர். ஏன் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன். அந்தந்த ஊர்த் தபால் முத்திரை எப்படி விழுகிறது என்று பார்க்கிற வயசு எனக்கு என்று வைத்துக்கொள். இன்னும் அமாவாசை என்று ஒரு லாரி டிரைவர் பாக்கி இருக்கிறார். அவருக்கு எப்படி எழுத்து வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹபிபுல்லா சார் உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? திடீரென்று உன்னைத் திரும்பிப் பார்க்கிறாரா? சொன்னால் அப்படியே எழுது, ஒரு வார்த்தை விடாமல்.

"மே மாசம் லிஸ்ட் வருமாமே" என்று அம்மா கேட்டது. கடலை உடைக்கிற இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வரும் என்றேன். நீயும் அதில் வருவாய் என்றேன்.

செல்லமுத்து


அரியலூர்,
14.4.1986

தம்பிக்கு,

சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை.

லிஸ்ட் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அம்மாவிடம் அப்படியே சொல்.

நான் இப்போது ஆடவில்லை. கால் கொஞ்சம் சரியில்லை. பேக்கிங்கில் இருக்கிறேன். அங்கேயும் வேலை வேலைதான்.

அந்த லாரி டிரைவருக்கு எழுத்து வர வேண்டாம். இனி யாருக்கும் எதுவும் எழுதாதே. எனக்கு மட்டும் எழுது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போ. யாராவது வந்து எதையாவது காட்டி நீ எழுதியதா என்று கேட்டால், தெரியாது என்று சொல்.

அம்மாவை வெயிலில் போக வேண்டாம் என்று சொல்.

அரியமுத்து


அரியலூர்,
20.4.1986

தம்பி செல்லமுத்துவுக்கு,

லத்தீப் எழுதுவது. நீயும் அம்மாவும் நலமாக இருக்க துவா செய்கிறேன். உனக்கு எழுதக் கூடாது என்று அரியமுத்து என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அல்லா மன்னிக்கட்டும், எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவன் காலுக்கு ஒன்றும் இல்லை. டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மார்ச் மாதம் ஹபிபுல்லா சாருக்கு இரண்டு கடிதம் வந்தது. டீக்கடைக் கடிதத்தைச் சார் எங்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். சிரித்தோம். அரியமுத்துவும் சிரித்தான். பாட்டு டீச்சர் கடிதம் நேராக மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு அரியமுத்துவையும் சாரையும் கூப்பிட்டார். டீம் கேப்டன் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"ஹபிபுல்லா, ஒன்பதாம் தேதி கேட் பூட்டியிருந்துதா இல்லியா?"

"பூட்டியிருந்துதுங்க."

"அந்த கிரவுண்டுல முன்வரிசை எங்க இருக்கு?"

அங்கே ஒரு பெஞ்சுகூடக் கிடையாது என்று உனக்குத் தெரியாது, பாவம்.

ஆலையில் ஒரு சட்டம் இருக்கிறது. நிரந்தரத்துக்கு யார் சிபாரிசு பிடித்தாலும், பிடிக்கச் சொன்னாலும் பேரை அடித்துவிடுவார்கள். மேனேஜர் இரண்டு கடிதத்தையும் அரியமுத்து முன்னால் போட்டார். பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்படியே இருந்தது, ஆனால் எனக்குத் தெரிந்தது.

"யாரு எழுதுனது? இது பள்ளிக்கூடத்துப் பையன் எழுத்து. சொல்லலன்னா பெரம்பலூர் சுத்துவட்டாரத்துல எல்லா ஹெட்மாஸ்டருக்கும் இத அனுப்பிக் கேப்பேன்."

"நான்தாங்க எழுதுனேன்" என்றான்.

"உன் எழுத்து இப்படி இல்லியேப்பா."

"மாத்தி எழுதுனேங்க."

"சுந்தராம்பாள் நீதானா?"

"ஆமாங்க."

அந்த ரூமில் யாரும் சிரிக்கவில்லை தம்பி. ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து, "ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன். "அவன் பள்ளிக்கூடம் போயிடும்டா" என்றான். அப்புறம் குழாயில் தண்ணீர் குடித்தான். மறுநாள் பேக்கிங்குக்குப் போய்விட்டான்.

நான் கோபத்தில் எழுதவில்லை. அவன் இல்லாமல் என்னால் ஒரு பந்துகூடப் போட முடியவில்லை. அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அப்துல் லத்தீப்


பெரம்பலூர்,
25.4.1986

மதிப்பிற்குரிய ஹபிபுல்லா சார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

என் பேர் செல்லமுத்து. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அரியமுத்துவின் தம்பி. கருப்பண்ணன் நான். சுந்தராம்பாளும் நான். சிறுவாச்சூரில் அப்படி ஒரு டீக்கடை இல்லை. எனக்குப் பாட்டும் தெரியாது.

ஒன்பதாம் தேதி நடந்ததை அண்ணன் எனக்கு எழுதியிருந்தது. கேட் பூட்டியிருந்தது என்றும் எழுதியிருந்தது. எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்கு எதுவும் தெரியாது. என்னிடம் கேட்கவும் இல்லை.

இந்தக் கடிதமும் அந்த இரண்டும் ஒரே கை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். எங்கள் ஹெட்மாஸ்டருக்கு அனுப்ப வேண்டுமானால் அனுப்புங்கள். டி.சி. வாங்கிக்கொள்கிறேன். மேனேஜர் அய்யாவிடம் வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன். எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று சொன்னால் போதும்.

அண்ணன் கையெழுத்துப் போட்டது பொய். அதைக் கிழித்துவிடுங்கள் சார்.

பணிவுடன்,
செல்லமுத்து


அரியலூர்,
9.5.1986

தம்பி செல்லமுத்துவுக்கு,

ஹபிபுல்லா எழுதுவது. உன் தாயாரும் நீயும் நலமாக இருக்க அல்லாவை வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதை நம்புகிறேன். பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

அதை மேனேஜரிடம் கொண்டுபோனேன். வாசித்தார். "மொதல்ல ரெண்டு பேரு எழுதுனாங்க. அப்பறம் ஒருத்தன் நான்தான்னான். இப்ப இன்னொருத்தன் நான்தாங்கறான். இத எழுதச் சொன்னதும் அவனா இருந்தா?" என்றார். "இல்லங்க, இது அந்தப் பையன்" என்றேன். "அப்ப பையன் பள்ளிக்கூடத்துக்கு எழுதட்டுமா?" என்றார். நான் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஃபைல் மேலே போய்விட்டது. உன் அண்ணன் கையெழுத்துப் போட்ட காகிதமும் அதில் இருக்கிறது. இனி அதைக் கிழிக்க என்னால் முடியாது. உன் கடிதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேறு யார் கையிலும் கிடைக்க வேண்டாம்.

ஒன்றை உனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். மறைத்தால் அதுவும் தப்பு என்று தோன்றுகிறது.

நாலு பேர் பெயர் எழுதி நான் மேலே அனுப்பியது பிப்ரவரி இருபதாம் தேதி. போட்டி முடிகிறவரை காத்திருக்கவில்லை. முதல் பெயர் அரியமுத்து. லத்தீப் இரண்டாவது. நானும் ஒரு காலத்தில் ரயில்வே டீமில் அந்த இடத்தில் நின்றவன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் டீக்கடைக்காரர் எழுதியது நான் அனுப்பி நாலு நாள் கழித்து.

அரியமுத்துவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆர்டர் கைக்கு வருகிறவரை யாரிடமும், வீட்டிலும்கூட, மூச்சு விடாதே என்றும் நானே சொன்னேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வோம், வாய் முந்தினால் கை நழுவும் என்ற பயம். அவன் சொன்னபடி இருந்துவிட்டான். உனக்கு ஒரு வரி எழுத விட்டிருந்தால் நீ பேனாவை எடுத்திருக்க மாட்டாய். அது என் மேல் இருக்கட்டும்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது தன் பெயர் முதலில் இருப்பது அவனுக்குத் தெரியும். இதை நான் உனக்கு எழுதியது அவனுக்குத் தெரியாது.

படிப்பை விடாதே.

எம். ஹபிபுல்லா


பெரம்பலூர்,
18.5.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மா நலம். உன் கால் எப்படி இருக்கிறது?

பரீட்சை ரிசல்ட் வந்தது. பாஸ். கணக்கில் நாற்பத்தொன்று. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் பிளஸ் டூ வகுப்பு ஆரம்பிக்கிறது. போவேன்.

போன வாரம் ஒரு தபால் வந்தது. வாசலில் நின்றபடியே படித்துவிட்டு உள்ளே வந்து சோறு சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று அம்மா பிறகு கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துத் தபால்தான், வேறு ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தில் சிரிக்க எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. அடுத்த தடவை பார்க்கலாம்.

மூட்டை தூக்கும்போது துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொள். சிமெண்ட் கண்ணில் பட்டால் கசக்காதே, தண்ணீர் விட்டுக் கழுவு. லத்தீப் அண்ணனிடம் கோபித்துக்கொள்ளாதே. ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறாய், சும்மா எழுதினேன்.

நேற்று அம்மா முறத்தில் கடலையைப் புடைத்துக்கொண்டே கேட்டது.

"மே மாசம் முடியப் போவுது. அந்த லிஸ்ட்டு என்னடா ஆச்சு?"

"இன்னும் வரலம்மா."

"அண்ணன் எழுதுனானா?"

"எழுதிச்சு. வரலையாம்."

"அவன் பேரு இருக்குமா அதுல?"

"இருக்கும்மா. மொதப் பேரே அண்ணன் பேருதான் இருக்கும்."

"போடா, நீ ஒருத்தன்" என்று முறத்தைத் தட்டியது. பிறகு கொஞ்ச நேரம் அதைப் புடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்துக் கொடுத்தேன்.

தம்பி,
செல்லமுத்து